நாலு மணிக்கு எடுக்கிறவன்

இன்றைக்கு எடுத்தே ஆக வேண்டும், வேறு ஆள் கிடையாது என்று முணுமுணுத்தபடி தெய்வசிகாமணி சட்டைப்பையிலிருந்து போனை மறுபடியும் எடுத்துப் பார்த்தான். சத்தம் வைத்திருக்கிறதா, வைத்திருக்கிறது. சார்ஜ் இருக்கிறதா, இருக்கிறது. சிக்னலைத்தான் நம்புவதற்கில்லை. இந்த சர்வர் ரூமில் ஜன்னலோரம் நின்றால் இரண்டு கோடு காட்டும், இரும்பு ரேக்கின் பக்கம் போனால் ஒன்றுமே காட்டாது, அதனால் ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் அடித்தாலும் பரவாயில்லை என்று அவன் ஜன்னலோரமே நின்றுகொண்டிருந்தான். நாலு மணிக்கு அப்பா கூப்பிடுவார். நாலு என்றால் நாலுதான், முன்னே பின்னே கிடையாது. ஈரோடு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, நீ எடு, நீ நில்லு என்று விசிலடித்தே தலை நரைத்த மனுஷன். நாச்சிமுத்து என்று பேரைச் சொன்னால் பழைய டிரைவர்கள் இன்றைக்கும் பீடியைக் கீழே போட்டுவிடுவார்கள். இப்போது ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வருகிறது. காலையில் சாப்பிட்டது மறந்துவிடும், சம்சாரம் செத்துப்போனது மறந்துவிடும், ஏன், செத்துப்போனவளைக் காபி கொண்டுவரச் சொல்லிக் கூப்பிடவும் செய்வார், ஆனால் நாலு மணி மட்டும் மறக்காது. கூட இருந்து சமைத்துப் போடுகிற சரசக்கா போனில் பெரியவன் என்று இருக்கிற இடத்தை அமுக்கி அவர் காதில் வைத்துவிடுவாள். பெரியவன் என்றால் சிகாமணி. இந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டர்கூட நெட் இல்லாமல் தவித்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்கிற இவன்தான். அவர் கூப்பிடுவது இவனைத்தான், எடுப்பதுதான் இவன் இல்லை. ரொம்ப நாளாகவே இல்லை.

மாசக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியில் வயர் பிடுங்குகிற நாள். சிகாமணி கொண்டுவந்த வழக்கம் அது. கம்பெனிக்கு இரண்டு லைன். ஒன்று ரோட்டுக்கு அடியில் குழாய்க்குள் வருவது, இன்னொன்று மொட்டை மாடியில் தட்டு வைத்துக் காற்றில் வாங்குகிற வேறொருத்தன் லைன். நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஒரே வேலை, முதல் லைன் வழியாக எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து இருக்கிறயா, இருக்கிறயா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பது. இருக்கிறேன் என்று பதில் வந்தால் சரி. மூன்று தடவை கேட்டும் பதில் இல்லையென்றால் யாரையும் கேட்காமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் இரண்டாவது லைனுக்குத் தள்ளிவிடும். மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் அதில் கெட்டிக்காரத்தனமே. பெட்டி ஒழுங்காக மாற்றுகிறதா என்று பார்ப்பதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற முதல் லைனை மாசத்துக்கு ஒரு தடவை வேண்டுமென்றே பிடுங்குவான். பிடுங்குவதற்கு முன்னால் ஷிப்பிங் செக்‌ஷன் கோகிலா மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வான். இன்றைக்கும் கேட்டான், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு ஏதோ பேப்பர் போய்க்கொண்டிருக்கிறது, போனதும் இன்டர்காமில் சொல்கிறேன் என்றாள், இன்னும் சொல்லவில்லை. ஆயுத பூஜை அன்றைக்கு முதலாளி எல்லார் முன்னாலும், சிகாமணி வந்ததுக்கப்புறம் நெட் போச்சுன்னு எவனும் என் ரூம் வாசலில் வந்து நிற்பதில்லை என்று சொல்லித் தோளில் கையைப் போட்டார். பொரியும் கடலையும் கையில் வைத்துக்கொண்டு சிகாமணிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சியில்தான் அதே யோசனையை வீட்டுக்கும் கொண்டுபோனான். அப்பா கூப்பிட்டு இவன் எடுக்காவிட்டால் அந்த அழைப்பு தானாகக் கோயம்புத்தூரில் இருக்கிற தம்பி குமரகுருவுக்குப் போய்விடும். அப்பா இன்னொரு நம்பர் தேட வேண்டாம், சரசக்காவைத் திட்ட வேண்டாம், இரண்டு பேரில் ஒருத்தர் எப்போதும் எடுப்பார்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு. இவன் மனைவி சுகந்திகூட, பரவாயில்லையே, உங்கப்பாவுக்காக மூளையைச் செலவு பண்ணியிருக்கீங்களே என்றாள். அவள் குத்திக் காட்டினாளா மெச்சினாளா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை, இப்போது யோசித்து என்ன ஆகப்போகிறது.

முதலில் அரை நிமிஷம் அடிக்கும்படிதான் வைத்திருந்தான். அரை நிமிஷத்துக்குள் எடுத்தால் இவன், இல்லாவிட்டால் குரு. ஆரம்பத்தில் எடுக்கவும் எடுத்தான், சாமி சத்தியமாக எடுத்தான். ஆனால் அப்பாவிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? சாப்பிட்டயா, சாப்பிட்டேனுங்கப்பா. பஸ் கிடைச்சுதா, கார்லதானுங்கப்பா போறேன். ஓ, கார் வாங்கிட்டயா? அது ஆச்சுங்கப்பா பத்து வருஷம். சரி, சாப்பிட்டயா? இப்படியே சுற்றிச் சுற்றி வரும். அந்த நேரம் பார்த்து முதலாளி எதிரே உட்கார்ந்திருப்பார், இல்லை சாயம் போடுகிற டையிங் யூனிட்டிலிருந்து எவனாவது பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று உயிரை எடுத்துக்கொண்டிருப்பான். அரை நிமிஷம் அடிப்பது தொந்தரவாக இருந்தது. பாதியாகக் குறைத்தான். பிறகு அதையும் குறைத்தான். அதற்குமேல் குறைக்க முடியாது என்று போன் கம்பெனிக்காரன் சொல்லுகிற அளவுக்கு, ஒரு தடவை முழுசாக அடித்து முடிப்பதற்குள் தம்பியிடம் தாவிவிடுகிற அளவுக்குக் குறைத்தான். கடைசியில் அந்த ஒரு அடியும் காதில் விழுவது நின்றுபோயிற்று. மேஜை மேல் போன் லேசாக ஒரு தடவை துள்ளும், பேசாமல் ஆகிவிடும், நாலு ஆச்சா என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவான். அப்பா கூப்பிடுவதை வைத்து டீ நேரம் தெரிந்துகொண்ட பாவி நானாகத்தான் இருப்பேன் என்று இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நினைத்தான். கீழே லாரியில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அயர்ன் மாஸ்டர்கள் பக்கமிருந்து ஆவி வாசனை வந்தது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. பரீட்சைக்குப் போகிற பையனுக்கு இருக்கிற பயம், நாற்பத்தெட்டு வயசில், பெற்ற அப்பனிடம் பேசுவதற்கு.

நேற்றுச் சாயங்காலம் குரு கூப்பிட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. குருவின் குரல் மூன்று மாசமாகவே விட்டு விட்டுத்தான் வந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது பாதி வார்த்தை காணாமல் போகும், கரகரவென்று இழுக்கும், சிகாமணிக்கு அதெல்லாம் பழகின நோய், கேட்ட மாத்திரத்தில் வைத்தியம் சொல்லிவிட்டான். உன் லைன் சரியில்லடா, கம்பெனியை மாத்து என்றான். அடுத்த தடவை, மாடிக்குப் போய்ப் பேசு என்றான். அதற்கடுத்த தடவை, நானே வந்து வேற சிம் போட்டுத் தர்றேன் என்றான், போகவில்லை, அது வேறு கதை. நேற்றும் எடுத்தவுடனே, இன்னும் மாத்தலையா நீ என்று ஆரம்பித்தான். குரு அவனை முடிக்க விட்டான். அப்புறம், “லைன் இல்லீங்கண்ணா, தொண்டைதான்” என்றான். கட்டி. சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டார்கள், பயப்படும்படி ஒன்றும் இல்லையாம், ஆனால் எடுத்துவிட வேண்டுமாம். விடிந்தால் ஆபரேஷன். அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு வாயே திறக்கக் கூடாதாம், குரல் பழையபடி வருமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லையாம். இதையெல்லாம் கரகரவென்று சொல்லிவிட்டு, அதனால நாளைக்கு நாலு மணிக்கு நீங்க எடுத்துருங்கண்ணா, அந்தத் தள்ளிவிடறதை எடுத்துவிட்டுருங்க என்றான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒருத்தன் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லுகிற விஷயம் இதுவாக இருந்தது. நான் வரேண்டா ஆஸ்பத்திரிக்கு என்று சிகாமணி சொன்னான், சொல்லும்போதே மாசக் கடைசிச் சனிக்கிழமையாச்சே என்று மனசு ஒரு ஓரமாகக் கணக்குப் போட்டது, அதை நினைத்தால் இப்போது தன் முகத்திலேயே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. வேண்டாங்கண்ணா, வான்மதி இருக்கா, நீங்க போனை எடுத்தாப் போதும் என்றான் குரு. எடுக்கறேன், எடுக்கறேன், அதென்ன பெரிய விஷயம் என்று இவன் சொன்னதும் குரு தயங்கினான். ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது என்றான். பிறகு சொன்னான்: “போன்ல அவருக்கு நாந்தானுங்கண்ணா நீங்க.”

புரிவதற்கு நேரம் பிடித்தது. ஆரம்பத்தில் நான் சின்னவனுங்கப்பா என்றுதான் குரு சொல்லிப் பார்த்திருக்கிறான். பெரியவன் எங்கே, பெரியவனைத்தானே கூப்பிட்டேன், அவனுக்கு என்ன ஆச்சு என்று அவர் பதறியிருக்கிறார். வேலையாக இருக்கிறான் என்றால் முகம் வாடிப்போய்ப் போனைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிட மாட்டாராம், சரசக்கா சொல்லியிருக்கிறாள். அண்ணன் தம்பி குரல் அப்போது ஒரே அச்சு. ஒருநாள் அவரே, என்ன சிகாமணி, சாப்பிட்டயா என்று கேட்க, இவன் திருத்தவில்லை. சாப்பிட்டேனுங்கப்பா என்றிருக்கிறான். அவ்வளவுதான், அன்றிலிருந்து நாலு மணிக்கு குரு சிகாமணி ஆகிவிட்டான். ஒரு நாள் தவறியதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போய்ப் பேசியிருக்கிறான். நேரில் ஈரோட்டுக்குப் போனால் அவன் சின்னவன், போனில் பெரியவன். நேரில் போகிற சின்னவனுக்கு அங்கே திட்டு விழுமாம். உங்கண்ணன் எத்தனை வேலையிலும் தினமும் பேசறான், உனக்கு ஒரு போன் பண்ணத் துப்பில்லை, மாசத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறாய் என்று அப்பா வாங்கு வாங்கு என்று வாங்குவாராம். நீ என்னடா சொல்லுவே என்று சிகாமணி கேட்டான். “என்னத்தச் சொல்றது, சரிங்கப்பான்னு சொல்லிட்டு வருவேன்” என்று குரு சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை, காற்றுதான் வந்தது.

அப்போதுதான் போன தீபாவளி ஞாபகம் வந்து சிகாமணியைச் சுட்டது. பலகாரப் பையோடு போய் அப்பா காலைத் தொட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தபோது அவர் இவனை வாஞ்சையாகப் பார்த்து, பேசறதெல்லாம்தான் தெனமும் பேசிடறமே, அப்பறம் புதுசா என்ன இருக்குது என்றார். குத்திக் காட்டுகிறார் கிழவர் என்று இவன் நினைத்தான். சுருக்கென்று கோபம் வந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட இருக்காமல் கிளம்பிவிட்டான். அவர் சந்தோஷமாகச் சொன்ன வார்த்தை அது. தினமும் பேசுகிற மகனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. வாசல் வரைக்கும் வந்து நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தாரே, யார் காரில் ஏறிப்போகிறான் என்று அவருக்கு விளங்கியிருக்குமா. ஏனென்றால் அவர் அறிந்த சிகாமணி பஸ்ஸில் போகிறவன். குருதான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான், பஸ்ஸைப் பற்றிப் பேசினால் அவருக்கு முகம் தெளிகிறதாம். தினமும் எந்த வண்டி, எத்தனை மணிக்கு எடுத்தான், உட்கார இடம் கிடைத்ததா, கண்டக்டர் மரியாதையாகப் பேசினானா என்று கேட்பாராம், குரு அவனாகவே ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு போவானாம், பெருந்துறையில் நின்றது, ஊத்துக்குளியில் ஒரு அம்மாள் கோழியோடு ஏறினாள், டிக்கெட் கேட்டார்கள் கோழிக்கும் என்று. அப்பா விழுந்து விழுந்து சிரிப்பாராம். சிகாமணி தன் அப்பா விழுந்து விழுந்து சிரித்து எந்தக் காலத்தில் கேட்டான். நேற்று குரு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான், எட்டு அஞ்சுக்கு வண்டி, இடதுபக்க ஜன்னல் சீட்டு, கண்டக்டர் பேர் துரைசாமி, மறந்துடாதீங்கண்ணா. சொந்த அப்பனிடம் தன்னைப் போலவே பேசுவதற்குத் தம்பியிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தான் சிகாமணி. கேட்கக் கேட்க அந்த இன்னொரு சிகாமணி மேல் இவனுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவனுக்குக் கோபம் வராது. அவனுக்கு நேரம் இருக்கிறது. ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாலும் நாலு தடவையும் புதுசாகப் பதில் சொல்லுகிறான். அவனைப் போல ஒரு மகன் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது.

“சொல்லுங்கப்பா” என்று ரேக்கைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். கஸ்டமர் கேருக்குப் பேசுகிற தோரணையில் வந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் இழுத்து, சொல்லுங்கப்பா. இது முதலாளிக்குப் பேசுகிற குரல். இந்த ஒரு வார்த்தைக்கு எனக்கென்று ஒரு குரல் இருந்திருக்குமே, அதை எங்கே தொலைத்தேன் என்று திகைப்பாக இருந்தது. சின்ன வயசில் பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் இறங்கி அப்பாவ் என்று கத்தினால் அத்தனை ஹாரன் சத்தத்திலும் அவர் டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார். பக்கத்தில் இருக்கிறவர்கள், எப்படிய்யா உனக்கு மட்டும் கேக்குது என்பார்கள். அவருக்குக் கேட்டது. காது கொடுத்தால் கேட்கும், அவ்வளவுதான், அதில் மாயம் ஒன்றும் இல்லை. நினைப்பு அங்கே போய் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. காலையில் குருவின் மனைவி வான்மதி அனுப்பின செய்தியை மறுபடி எடுத்துப் படித்தான், ஆபரேஷன் முடிந்தது மாமா, மயக்கம் இன்னும் தெளியவில்லை. காலையிலிருந்து தம்பியைப் பற்றி நினைத்ததைவிட நாலு மணியைப் பற்றித்தான் அதிகம் நினைத்திருக்கிறோம் என்று உறைத்ததும் வெட்கமாகிவிட்டது. குரு கண் விழித்ததும் வாய் திறக்க முடியாமல் கையை ஆட்டி முதலில் எதைக் கேட்பான் என்று சிகாமணிக்குத் தெரியும். அண்ணன் எடுத்தாங்களா என்றுதான் கேட்பான், சந்தேகமே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் கம்பெனியில் ஒரு தடவை இப்படி நடந்தது. மாடித் தட்டில் இடி விழுந்து இரண்டாவது லைன் போயிற்று. போனால் என்ன, முதல் லைன் இருக்கிறதே என்று இவன் பதறாமல் வந்து பார்த்தால், முதல் லைன் எப்போதோ செத்துக்கிடக்கிறது. ரோடு தோண்டினவன் என்றைக்கோ அறுத்துவிட்டுப் போயிருக்கிறான். பெட்டி அன்றைக்கே ஒழுங்காக இரண்டாவதுக்கு மாற்றிவிட்டது. மாற்றினதாக இவனுக்கு மெயிலும் அனுப்பியிருக்கிறது, திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது, தொணதொணவென்று வருகிறதே என்று அந்த மெயில்களைக் கண்ணில் படாத ஒரு மூலைக்குப் போகும்படி செய்து வைத்தவன் சிகாமணியேதான். எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. முட்டுக்கொடுக்க வைத்த கட்டை வீட்டையே தாங்கிக்கொண்டிருந்தது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் புத்தி வந்துதான் மாசா மாசம் பிடுங்கிப் பார்க்கிற வழக்கத்தை வைத்தான், மேஜைக்கு எதிரே ஒரு சிவப்பு பல்பும் மாட்டினான், முதல் லைன் போனால் அது எரியும், கண்ணை உறுத்தும், அணைக்க முடியாது. கம்பெனிக்கு மாட்டினான். குரு மூன்று மாசமாகத் தொண்டை கட்டிப்போய்ப் பேசினானே, அதைவிட ஒரு பல்பு உனக்கு எப்படிடா வேண்டும், அதற்கும் சிம் மாற்று என்றுதானே சொன்னாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். மூன்று மாசம் முன்னாலேயே டாக்டரிடம் காட்டடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கட்டி இன்னும் சின்னதாக இருந்திருக்குமோ என்னவோ, யார் கண்டது. அந்த என்னவோ என்பது இனிமேல் போகாது, கூடவே இருக்கும்.

கோகிலாவின் அழைப்பு வரவில்லை. நிற்க முடியாமல், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், சிகாமணி ரேக்கின் பக்கம் போனான், போனை ஜன்னல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான், முதல் லைனின் வயரை விரலால் அமுக்கிப் பிடுங்கினான். அவளைக் கேட்காமல் பிடுங்கியது இதுதான் முதல் தடவை. பச்சை விளக்கு அணைந்தது. பெட்டி கேட்டது, கேட்டது, மூன்றாவது தடவையும் கேட்டது, பக்கத்து விளக்கு எரிந்தது. சிவப்பு பல்பு எரிந்தது. மாடியில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. அவ்வளவு சுலபம். கொஞ்ச நேரம் கழித்து இன்டர்காம் அடித்தது, கோகிலா. பேப்பர் போயாச்சு சார், நீங்க எப்ப எடுக்கறதா இருந்தாலும் எடுங்க என்றாள். எடுத்தாச்சுங்க மேடம் என்றான். அட, தெரியவே இல்லையே சார், சூப்பர் என்றாள். எத்தனை மாசமாக இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு நெஞ்சை நிமிர்த்தியிருப்பான். ஒருத்தன் இல்லாமல் போனது தெரியவே இல்லை என்பது அவ்வளவு பெரிய பாராட்டா என்று இப்போது அவனுக்குக் கசந்தது. வயரை மறுபடி சொருகினான். சொருகினவுடனே பெட்டி திரும்பிவிடாது. இப்போதுதான் வந்திருக்கிறாய், நில்லு, தொடர்ந்து பதில் சொல்லுகிறாயா பார்க்கலாம் என்று கொஞ்ச நேரம் சோதித்துவிட்டுத்தான் முதல் லைனை ஏற்றுக்கொள்ளும். அந்த நேரத்தை வைத்ததும் இவன்தான். நியாயமான ஏற்பாடுதான் அது. ஜன்னலுக்குத் திரும்புவதற்குள் போன் அடித்தது.

ஒரு தடவை அடித்தது, நிற்கவில்லை, இரண்டாவது தடவையும் அடித்தது, இந்தச் சத்தத்தை இவ்வளவு நீளமாகக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. எட்டு அஞ்சு வண்டி, இடதுபக்க ஜன்னல், துரைசாமி. எடுத்தான். சொல்லுங்கப்பா என்றான். அந்த வார்த்தை மட்டும் எப்படியோ நன்றாகவே வந்தது, ஒத்திகையில் வராதது வந்தது, உண்மையாக வந்தது.

“யாரு?” என்றார் அப்பா.

“நாந்தானுங்கப்பா, சிகாமணி. பெரியவன்.”

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அப்புறம் அப்பா சிரித்தார். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று குரு சொன்ன சிரிப்பு இதுதான் போலிருக்கிறது.

“டேய் சின்னவனே, அண்ணனாட்டப் பேசி அப்பனை ஏமாத்தப் பாக்கறயா?”

இல்லீங்கப்பா, நிஜமாகவே நான்தான் என்று இவன் தடுமாறினான். எட்டு அஞ்சு வண்டியில் வந்தேன், துரைசாமிதான் கண்டக்டர் என்றான். உளறுகிறோம் என்று தெரிந்தும் உளறினான். அதெல்லாம் அண்ணன் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று அவர் இன்னும் சிரித்தார். “எனக்குக் கண்ணுதான் மங்கிப்போச்சு, காது மங்கல. பெரியவன் கொரலு எனக்குத் தெரியாதா, தெனமும் பேசறவன்?” சிகாமணி ஜன்னல் மேடையில் உட்கார்ந்தான். சொல்லிப் புரியவைக்கலாம். சின்ன வயசில் நடந்தது எதையாவது, குருவுக்குத் தெரியாத எதையாவது சொல்லி, நான்தான் உங்கள் பெரிய மகன் என்று நிரூபித்துவிடலாம். நிரூபித்தால் அப்புறம்? அப்படியென்றால் இத்தனை நாள் பேசினவன் யார் என்று கேட்பார். இத்தனை நாள் பெரியவன் எங்கே போயிருந்தான் என்று கேட்பார். கோழிக்கு டிக்கெட் கேட்ட கதை சொன்னவனை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் எதை வைப்பது? அவரிடம் இப்போது இருப்பதே அந்த ஒரு மகன்தான். இவனுக்கு அழுகை வந்தது, வாயைப் பொத்திக்கொண்டான், பிறகு பொத்தின கையை எடுத்துவிட்டு, ஆமாங்கப்பா, நான் சின்னவன்தான் என்றான்.

அதானே பார்த்தேன் என்றார் அவர். இன்றைக்காவது எடுத்தாயே என்று ஆரம்பித்து நன்றாகத் திட்டினார். பெத்தவன்கிட்டப் பேசறதுக்கு நேரம் வேண்டாம்டா, மனசு வேணும் என்றார். எல்லாவற்றுக்கும் சரிங்கப்பா, சரிங்கப்பா என்றான் சிகாமணி. குருவும் இப்படித்தான் நின்றிருப்பான், செய்யாத தப்புக்கு, சரிங்கப்பா என்று. திட்டி முடித்ததும் அப்பாவின் குரல் சட்டென்று இறங்கியது. அண்ணன் எங்கே, எத்தனை வேலை இருந்தாலும் எடுத்துருவானே என்று கேட்டார்.

“வேலையா இருக்காருங்கப்பா.”

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே? ரொம்ப நாளா அவன் தொண்டை சரியில்ல. கரகரன்னு இழுக்குது. காட்டுடா காட்டுடான்னு நானும் தெனமும் சொல்லிட்டுத்தான் இருந்தேன்.”

டாக்டரிடம் காட்டியாச்சுங்கப்பா, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள் என்றான் சிகாமணி. அப்பச் சரி, அப்பச் சரி என்று அவர் இரண்டு தடவை சொன்னார். பக்கத்தில் சரசக்காவிடம் பெரியவனுக்கு ஒண்ணுமில்லையாம் என்று சொல்லுவதும் கேட்டது.

“சரி சின்னவனே, நாளைக்கு அவனையே எடுக்கச் சொல்லு” என்றார்.

சொல்றேனுங்கப்பா என்று இவன் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.